அறுபத்தொன்றாம் அட்டை

ரத்தப் பரிசோதனை அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.

மேல்கோடு பளிச்சென்று இருந்தது. அது எல்லா அட்டையிலும் வரும். புல் புதரில் உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் இருந்தால் அதற்குக் கீழே இன்னொரு கோடு வர வேண்டும்.

வந்திருந்தது.

இல்லை, வரவில்லை.

கண்ணை மூடித் திறந்தாள். துவைத்த துணியில் மிஞ்சிய குங்குமக் கறை அளவுக்கு ஏதோ இருந்தது.

"மெர்லின், இதைக் கொஞ்சம் பாரேன்."

பரிசோதனைக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் மெர்லின் குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் தெரியலையேக்கா."

கால் மணி நேரத்துக்குள் படித்துவிட வேண்டும். பிறகு தெரிகிற கோடு செல்லாது. ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.

அட்டை புதிது. அதை நம்பலாமா என்றுதான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே ரத்தம் சென்னைக்கும் போகும். அங்கிருந்து வரும் முடிவோடு அட்டையை ஒப்பிடுவார்கள். அதுவரை அட்டை சொல்வதை வார்டில் சொல்லக் கூடாது.

ரத்தம் எடுத்தவரே அட்டையைப் படிக்கவும் கூடாது.

அட்டையை இருவர் படிக்க வேண்டும்; ரத்தம் எடுக்க அன்றைக்கு மூன்றாவது ஆள் இல்லை. எடுத்ததும் அவள்தான்.

பதினோராம் கட்டில் முப்பிடாதி. எலுமிச்சைத் தோப்பில் களை வெட்டுகிறவள். ஒன்பது நாள் காய்ச்சல். ஊசி இறங்கும்போது கேட்டாள், "பொழைச்சுக்கிடுவேனாம்மா?"

இப்போது கோட்டைப் பார்ப்பது தன் கண்ணா, அந்தக் கேள்வியா?

இருவர் பார்வை ஒத்துப்போகாவிட்டால் மூத்தவர் சொல்வதுதான் பதிவாகும். அறுபத்தொன்றுக்கு நேரே 'உண்டு' என்று எழுதினாள்.

எழுதிய பிறகு உட்கார முடியவில்லை. படியிறங்கி வார்டுக்குப் போனாள்.

டாக்டர் பரிதி கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பதினோராம் பெட், டாக்டர். உண்ணிக் காய்ச்சலா இருக்குமோ?"

"அட்டையில வந்துச்சா?"

"சொல்லக் கூடாது, டாக்டர்."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தவில்லை. அதன் கீழே உண்ணிக் காய்ச்சல் மருந்தையும் எழுதினார்.

மூன்றாம் நாள் முப்பிடாதிக்குக் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள்.

பத்தாம் நாள் சென்னையிலிருந்து முடிவு வந்தது.

அறுபத்தொன்று: இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்லக்கா," என்றாள் மெர்லின். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா ஒன்பதாம் நாள் ரத்தம். அதுல கிருமி அத்துப்போயிருக்கலாம். அட்டை எதிர்ப்புச் சக்தியைப் பார்க்குது, அங்க கிருமியைத்தான் தேடுறாங்க; தெரிஞ்சிருக்காது," என்றாள்.

கிருமியே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

படிவத்தில் அட்டைக்கு நேரே 'தவறு' என்று எழுதினாள். அட்டை தவறா, தான் தவறா, சென்னை தவறா? அதற்குக் கட்டம் இல்லை.

அன்று மதியம் முப்பிடாதி கதவருகில் வந்து நின்றாள். முகம் தெளிந்திருந்தது.

"எனக்கு வந்தது என்ன காச்சல்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தாங்கம்மா."

"வீட்டுக்குப் போகும்போது சீட்டு தந்திருப்பாங்களே, அக்கா?"

"அதுல காச்சல்னுதான் போட்டிருக்காம். பேரு இல்லையாம். எந்தங்கச்சிக்கு நாலு நாளா சுடுது. அவளும் எங்கூடத்தான் களை வெட்டுதா. பேரு தெரிஞ்சா எங்கூரு டாக்டரே மருந்து குடுத்திருவாரு."

அவள் தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

முதல் எழுத்தே வரவில்லை.

"தங்கச்சி எங்க?"

"கீழதான். மருந்து குடுக்கிற இடத்துக்கிட்ட உக்காத்தி வச்சிருக்கேன்."

பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.

தங்கையைக் கைத்தாங்கலாக நடத்தி, நேரே டாக்டர் பரிதியிடம் கூட்டிப்போனாள்.

"இவங்க அக்காவுக்குக் குடுத்ததையே குடுக்கலாமா, டாக்டர்?"

"ரெண்டு குடுத்தோமே. எது கேட்டுச்சு?"

அவள் அந்தப் பெண்ணின் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

கொதித்தது.

அதில் மட்டும் சந்தேகம் இல்லை.

"ரெண்டையுமே எழுதுங்க, டாக்டர்."