அங்கே இருப்பவர்கள்

நாகலெட்சுமி தூக்கிய கையை அவளுடைய கணவன் நல்லமுத்து பிடித்துக் கீழே இறக்கினான்.

எல்லோரும் பார்த்தார்கள்.

மலை சரிந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இரண்டை மூடியதிலிருந்து தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் இந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் படுத்து எழுந்தார்கள். மிச்சமிருக்கும் லயங்களிலும் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எங்காவது போக வேண்டும். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அன்று காலை மைக்கல் என்ற இளைஞன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். ஏதோ ஓர் உதவி அமைப்பாம். வடக்கே, வன்னிப் பக்கம், விரும்புகிற குடும்பங்களுக்கு அரை ஏக்கர் காணியும் ஒரு சின்ன வீடும் கிடைக்க வழியிருக்கிறது என்றான். சம்மதமானவர்கள் கை தூக்கலாம் என்றான்.

அரை ஏக்கர் என்றதும் மண்டபத்தில் பேச்சு நின்றது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தும் பிள்ளைக்கு எழுதிவைக்க ஒரு முழம் நிலம் இல்லாதவர்கள்.

முதலில் உயர்ந்த கை நாகலெட்சுமியுடையது.

"மாமாவுக்கு இந்தக் குளிர விட்டுட்டு வர மனசில்ல போல" என்றான் பக்கத்து வீட்டு சுமன். சிரிப்பு எழுந்தது.

நல்லமுத்து சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனான். அவள் பின்னாலேயே போனாள்.

தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தான்.

"பிள்ளைக்குன்னு ஒரு நெலம் கெடைக்கப் போவுது. அத்தன பேருக்கு முன்னாடி இப்பிடியாங்க செய்வீங்க?"

நல்லமுத்து மண்டபத்துப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அங்க எனக்கு ஆளுங்க இருக்காங்க, லெச்சுமி."

அவளுடைய கோபம் பாதி இறங்கியது. கல்யாணம் பேசியபோது, வடக்கே வவுனியாப் பக்கமிருந்து வந்தேன், எனக்கென்று யாருமில்லை என்றுதான் சொல்லியிருந்தான். சொந்தக்காரர்களோடு ஏதோ மனஸ்தாபம், அதை மறைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"இருந்தா நல்லதுதானே. போய் எறங்குனா ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளிருக்குமே."

"மண்ணுக்குள்ள இருக்காங்க."

உள்ளே யாரோ அந்தக் காணியில் என்ன பயிர் வரும் என்று கேட்டார்கள். கச்சான் கடலை வரும், மிளகாய் வரும் என்று மைக்கல் சொல்வது கேட்டது.

நல்லமுத்து சொல்லத் தொடங்கினான். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

அவன் இதே மலைநாட்டில், வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். சின்ன வயதில் ஒரு கலவரத்தில் அவர்களுடைய லயத்துக்குத் தீ வைத்தார்கள். அப்பா பிள்ளைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வன்னிக்குப் போனார். காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள். அங்கேயே வளர்ந்தான், அங்கேயே கல்யாணம் செய்தான். யுத்தம் முடிகிற கடைசி மாதங்களில் ஊர் ஊராக ஓடினார்கள். ஒருநாள் அவன் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பியபோது குடும்பம் இருந்த பதுங்கு குழிக்குள் ஷெல் விழுந்திருந்தது. குழியிலிருந்து வெட்டிப் போட்டிருந்த மண்ணையே தள்ளி மூடிவிட்டுச் சனத்தோடு சனமாக நடந்தான். பிறகு அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்டபோது போக வேறு இடமில்லை. மலைக்கே திரும்பி வந்தான்.

"எந்த எடம்னு இப்ப காட்டச் சொன்னா எனக்குத் தெரியாது. எங்க மம்பட்டி போட்டாலும் அவுங்க மேல போடுற மாதிரிதான் இருக்கும்."

தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டு, "நீயும் பிள்ளையும் வேணும்னா போங்க. நான் இங்கனயே கெடந்துக்கிறேன்" என்றான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. யாருமில்லை என்று அவன் அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை என்பது மட்டும் மெல்லப் புரிந்தது.

"எத்தன பேரு?"

"அவ. பெரியவன். அப்புறம் சின்னது. பொம்பளப் பிள்ள. ரெண்டு வயசு."

"பேரு என்ன?"

அவன் திரும்பி ஜன்னல் வழியாக மண்டபத்துக்குள் பார்த்தான். அங்கே அவர்களுடைய மகள் மற்றப் பிள்ளைகளோடு மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

லிந்துலை ஆஸ்பத்திரியில் மகள் பிறந்த அன்று நாகலெட்சுமி ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாள். மற்ற எல்லாவற்றையும் அவள் இஷ்டத்துக்கே விட்டவன், பெயரை மட்டும் நான்தான் வைப்பேன் என்று நின்றான். இந்தப் பெயர் எங்கே கிடைத்தது என்று அவள் கேட்டதற்கு, பிடித்த பெயர் என்று மட்டும் சொன்னான்.

நாகலெட்சுமி உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். வேறு யாராவது உண்டா என்று மைக்கல் கடைசியாகக் கேட்டபோது அவளுடைய கைகள் மடியிலேயே கிடந்தன.

மகள் ஓடிவந்து தோளில் சாய்ந்தாள்.

"எல்லாரும் போறாங்களாம். நம்ம போகலயாம்மா?"

மகளை அதட்டுவதென்றால் எப்போதும் முழுப் பெயரையும் சொல்லித்தான் அதட்டுவாள். அந்தப் பெயர் நாக்கு வரை வந்து நின்றுவிட்டது.

"பேசாம இரு, பாப்பா" என்றாள்.