பூட்டுக்காரன் சாகக் கூடாது

"வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு என்னைக் கொல்றாங்க" என்றார் அவர், துண்டை மடித்துப் பைக்குள் வைத்தபடி.

"எத்தனை குண்டு?" என்று கேட்டாள் மனைவி. இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூணு."

"அப்ப மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுவீங்க."

பதினெட்டு வருடமாகக் கதாநாயகனின் நண்பனாகவே நடித்து, முப்பத்தேழு படங்களில் செத்துப் பிழைப்பு நடத்துகிறவர் அவர். ஒரு படத்தில்கூட இரண்டாம் பாதியை எட்டிப் பார்த்ததில்லை என்பதால் சினிமா வட்டாரத்தில் அவருக்கு 'இடைவேளை' என்றே பெயர் விழுந்துவிட்டது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

இந்த முறை படம், எல்லோரும் விழுந்து விழுந்து படித்த ஓர் உளவு நாவல். உளவாளிக்கு உதவ டிரைவர், தையல்காரர், சலூன்காரர், ரேடியோ ரிப்பேர்காரர், கள்ள பாஸ்போர்ட் அடிப்பவர், பூட்டுக்காரர் என்று ஆறு பேர். ஆறு பேருமே செத்துப்போக, உளவாளி மட்டும் கடைசியில் தனியாக நடந்து போவான். நம்மவர்தான் பூட்டுக்காரர். ஒன்பதாம் அத்தியாயத்திலேயே காலி.

பேச்சைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் மகள். ஆறாம் வகுப்பு.

"நாங்க பாப்கார்ன் வாங்கிட்டு வர்றதுக்குள்ள உங்கப்பா போயிடறாருன்னு கிளாஸ்ல சிரிக்கிறாங்கப்பா. இந்தப் படத்துக்கு என் ஃப்ரெண்ட்ஸ் பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போறேன். இதுலயும் நீ செத்தேன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்."

அவளிடம் பேசாமல் ஒரு வேளைச் சோறுகூட இறங்காத ஆள் அவர்.

வியாழக்கிழமை மேக்கப் அறையில், மார்பில் மூன்று ரத்தப் பைகளை ஒட்டிய கோலத்தில், டைரக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், பூட்டுக்காரன் சாகக் கூடாது."

"நாவல்ல செத்துடறாரே அண்ணே."

"நாவல் எழுதினவருக்கு மக இருந்திருந்தா சாகடிச்சிருக்க மாட்டாரு."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கிளிசரின் இல்லாமல் அவர் அழுவதை அன்றுதான் மேக்கப்காரரே பார்த்தார். டைரக்டர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பென்சிலால் தாடையைத் தட்டினார்.

"உயிரோட இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

ரத்தப் பைகளைப் பிய்த்து எடுத்தார்கள். மார்பு முடியும் கூடவே வந்தது. சந்தோஷத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

கதை வெளியே கசிந்துவிடும் என்று அந்தக் கம்பெனியில் யாருக்கும் முழுக் கதையைக் கொடுப்பதில்லை. அவரவர் பேசும் பக்கம் மட்டும் அவரவர் கைக்கு வரும். கதாநாயகனோடு பேசும் காட்சியில்கூட எதிரே ஆளுக்குப் பதிலாக ஸ்டாண்டில் ஒரு கோட்டைத்தான் மாட்டி வைத்திருந்தார்கள். அவரும் கோட்டைப் பார்த்தே உருகி உருகிப் பேசினார்.

மற்ற ஐந்து நடிகர்களும் தேதிவாரியாகச் செத்தார்கள். அவர் ஒவ்வொரு சாவுக்கும் ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்து, "முட்டியை மடிச்சு விழுங்க தம்பி, இடுப்பு தப்பிக்கும்" என்று வழியும் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசி நாள் அவருக்கு ஒரே ஒரு ஷாட். ஒரு குளியலறை, ஒரு கண்ணாடி.

"கண்ணாடியைப் பார்த்துச் சிரிங்கண்ணே. மெதுவா ஆரம்பிச்சு, போகப்போக நல்லாச் சிரிங்க."

"எதுக்கு சார் சிரிக்கிறேன்?"

"மத்த அஞ்சு பேரும் போயிட்டாங்க, நீங்க மட்டும் இருக்கீங்கல்ல. அந்தச் சந்தோஷம்தான்."

நியாயமாகத்தான் பட்டது. பதினெட்டு வருடம் சேர்த்து வைத்த சிரிப்பை மொத்தமாக எடுத்துவிட்டார். லைட்மேன்கள்கூடக் கை தட்டினார்கள்.

படம் வெளியான அன்று தியேட்டரில் மகள் நடுவில் உட்கார்ந்தாள். ஒருபக்கம் அப்பா, அந்தப் பக்கம் வரிசையாகப் பத்துத் தோழிகள். இடைவேளை வந்தது. பூட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருந்தார்.

"எங்கப்பா இருக்காரு, பாத்தீங்களா" என்று பத்துப் பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

டிரைவர் செத்தார், தையல்காரர் செத்தார், சலூன்காரர் செத்தார். ஒவ்வொரு சாவுக்கும் மகளின் தலை ஓர் அங்குலம் நிமிர்ந்தது. அவள் தன் கையை அவர் கைக்குள் கொடுத்திருந்தாள். இதற்காக இன்னும் முப்பத்தேழு முறை சாகலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கடைசியில் கண்ணாடி வந்தது. அவருடைய சிரிப்பும் வந்தது. கண்ணாடிக்குள், அவருக்குப் பின்னால், துப்பாக்கியோடு கதாநாயகன் நின்றதை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"அஞ்சு பேரையும் ஒவ்வொருத்தனா காட்டிக்கொடுத்தது நீதானா?" என்று கேட்டான் திரையில் அவன்.

தியேட்டரே ஒரே குரலில் திட்டித் தீர்த்தது. பின்வரிசைப் பெரியவர் ஒருவர் திரையைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். அப்போதும் டைரக்டர் சொன்ன சொல் தவறவில்லை. சுடாமல், விலங்கு மாட்டித்தான் இழுத்துப் போனார்கள். க்ளோசப்பில் விலங்கு ஏறிய கைகளும், இழுபட்டுப் போன முதுகும் அவருடையவைகூட இல்லை.

பத்துத் தோழிகளும் பாப்கார்ன் மெல்வதை நிறுத்திவிட்டு ஒருசேரத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். மகள் தன் கையை மெல்ல உருவிக்கொண்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"பழையபடியே செத்துடுப்பா."