இரண்டு பொட்டு மை

'ஒளி ஓவியச் சக்கரவர்த்தி' என்று பலகை எழுதித் தனக்குத்தானே முடிசூட்டிக்கொண்ட வீரபாகுவின் ஆரணி ஸ்டுடியோவில், துணியில் வரைந்த ஊட்டி ஏரிக்கு முன்னால் தேவிப்ரியா நிற்கிறாள். காலையில் தறியில் ஒட்டிய பட்டிழை விரலிடுக்கில் இன்னும் இருக்கிறது. இடுப்பில் ஒரு வயதுச் சுகன்யா டியூப்லைட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள். இடது கண்மணிக்குள் பூனைக்கண் மாதிரி ஒரு வெள்ளை மினுங்குகிறது. புற்றுநோய், உயிர் தங்க வேண்டுமானால் அந்தக் கண்ணை எடுத்தாக வேண்டும் என்று வேலூர் டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். வலது கண்ணைத் திங்கட்கிழமை மயக்கம் கொடுத்துச் சோதிப்பார்களாம். இந்த நோய் இருந்தால் ஃபிளாஷ் போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரியுமாம்; பழைய போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொன்னார். இதே ஸ்டுடியோவில் எடுத்த போன மாதப் பிறந்தநாள் படத்தில் இரண்டு கண்ணும் கருகருவென்று இருக்கின்றன. அதை மாரோடு அழுத்திக்கொண்டு, "வலது கண்ணு நல்லாத்தானே கீது, அண்ணா? போட்டோ பொய் சொல்லாதில்ல?" என்கிறாள். சக்கரவர்த்திக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. "அதெல்லாம் என் கைவேலைம்மா! ஃபிளாஷ் அடிச்சதும் முழி வெள்ளையா வந்துச்சு. மூணு முடி பிரஷ்ல மையத் தொட்டு, மூச்சப் புடிச்சிகினு வெச்சேன். மெட்ராஸ்ல கூட இப்படி டச்சப் பண்ண ஆள் கிடையாது." அவள் படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறாள். "எந்தக் கண்ணுண்ணா வெள்ளையா வந்துச்சு? இடதுதானே?" அவர் மேசையிலிருந்து அந்தப் பிரஷ்ஷை எடுத்து, செங்கோல் போல உயர்த்திக் காட்டுகிறார். "ரெண்டுமேதாம்மா. ஒண்ணையாவது வுட்டுடுவனா நானு?" குழந்தை பிரஷ்ஷைப் பிடிக்க எட்டுகிறது. கை ஒரு விரற்கடை தள்ளிப் போய் வெறுங்காற்றைப் பிடிக்கிறது.