பன்னிரண்டாவது சுவரில் ஒரு கோடு

லாஸ் ஏஞ்சல்ஸில் பேஸ்பால் வீரன் பர்ராகனின் படம் வரைந்த சுவர்கள் பதினொன்று இருந்தன. ஆட்டங்கள் தொடங்கும் முதல் ஞாயிறன்று அத்தனையையும் சுற்றிப் பார்த்துவிடுவோம். என் மகள் இட்ஸெல் அவனுடைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சுவரிலும் முதுகை ஒட்டி நிற்பாள். அவள் உச்சந்தலைக்கு நேராக நான் பென்சிலால் கோடு போடுவேன். எனக்கு இடது கைப் பழக்கம். கோடு எப்போதும் வலப்பக்கம் இறங்கிவிடும்.

"உங்கப்பா போட்ட கோட்டுல பந்த வச்சா உருண்டு ஓடிரும்டி" என்று என் மனைவி மரிசெலா சிரிப்பாள்.

இட்ஸெல் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்கு ஆறு வயது.

இந்த வருடம் மரிசெலாதான் கிளம்பச் சொன்னாள். டயர் கடைச் சுவரில் கடைசிக் கோடு அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. சலவைக்கடையிலும் ரொட்டிக்கடையிலும் அதே உயரம்தான். ஒவ்வொன்றையும் விரலால் தடவிவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாவது படம் புதியது, இறைச்சிக்கடைச் சுவரில். ஓவியன் சூய் அப்போதுதான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான்.

"தொட்டுராதீங்கக்கா, இன்னும் ஈரம். காலையிலேர்ந்து ஒரு ஈ காக்கா கிட்ட வரல."

பர்ராகனின் முழங்காலருகே, ஈரச் சாயத்தின் மேல், வலப்பக்கம் இறங்கிய பென்சில் கோடு ஒன்று இருந்தது.

மரிசெலா சுவரில் படாமல் திரும்பி, கோட்டின் அருகே நின்றாள். பிறகு தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"பாருங்க, இங்க வரைக்கும் வளந்துட்டா."