கூரை வரைக்கும் ஒரு சுவர்

"எங்க வீட்டுக் காத்துகூட உங்களுக்கு ஆகாமப் போச்சா மாமா?"

வேலை விட்டு வந்த கிருஷாந்தி, தோளில் கிடந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் பக்கத்து வீட்டு வாசலில் நின்று கேட்டாள். உள்ளே ஏணியில் நின்ற மூக்கையா திரும்பவில்லை. சாந்தை அப்பி, இன்னொரு சிமெந்துக் கல்லைத் தூக்கி வைத்தார்.

தேயிலைத் தோட்டத்து அந்த லயத்தில் வரிசையாகப் பத்து வீடு. வீட்டுக்கு வீடு பிரிக்கும் சுவர் முக்கால் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கூரைத் தகரம் வரைக்கும் வெறும் வெளிதான். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீடும் இருமும். வரிசையின் இந்தத் தொங்கல் முனையில் குசுகுசுத்தால் அந்தத் தொங்கல் முனையில் சிரிப்பார்கள்.

கிருஷாந்திக்கு அந்த வெளிதான் துணை. கொழும்பில் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்த கணேஸ் இரண்டு வருடமாகக் கட்டிலோடு கிடக்கிறான். அவள் புசல்லாவை டவுன் தையல் கடைக்குப் போன பிறகு தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு குரல் கொடுப்பான். பக்கத்துத் தொங்கல் வீட்டிலிருந்து மூக்கையாவின் மனைவி பாலம்மா ஓடி வருவாள்.

இப்போது அந்த வெளியில் ஒரு வரிசைக் கல்தான் பாக்கி.

"பகல்ல மத்த வீட்டுல எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிடுவாங்க. இதை அடைச்சிட்டா அவரு உசுரு போறாப்புல கத்தினாலும் யாருக்கும் கேக்காது. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் புள்ள."

அவ்வளவுதான். அடுத்த கல்லை எடுத்தார்.

வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாலம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "என்ன புள்ள, கணேஸ் இன்னும் வேலை விட்டு வரலையா?"

இரண்டு வருடமாக அவன் வாயில் சோறு ஊட்டிய கை அது. பாலம்மாவின் வாயிலிருந்தா இப்படி ஒரு வார்த்தை.

"நல்லாக் கேட்டீங்க அத்தை. மாமா கல்லால அடிக்கிறாரு, நீங்க வாயால அடிங்க."

விறுவிறுவென்று தோட்டத் தலைவர் செல்லச்சாமியின் வீட்டுக்குப் போனாள். அவள் சொன்னதை அவர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அவரு செய்றதுல பிழை இல்ல தங்கச்சி. போன மாசம் மேல் டிவிசன் லயம் எப்படி எரிஞ்சிச்சு? ஒரு வீட்டுல பிடிச்ச நெருப்பு, கூரைக்கடியில இருக்கிற வெளியாலதான் கடைசி வீடு வரைக்கும் ஓடுச்சு. எல்லாச் சுவரையும் கூரை வரைக்கும் தூக்கித் தாங்கன்னு ஆபீசுக்கு எழுதிக் குடுத்திருக்கோம்."

"என்ன சொன்னாங்க?"

"பாப்போம்னாங்க."

"சாம்பலை வந்து பாப்பாங்க. சரி, பத்து வீட்டுல இவருக்கு மட்டும் என்ன அவசரம்?"

செல்லச்சாமி கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க வீட்டு வயரெல்லாம் பழசு. கணேஸுக்குச் சுடுதண்ணி வைக்க ஹீட்டரும் போடுறீங்க. பக்கத்துல இருக்கிற மனுசனுக்குப் பயம் வராதா?"

கிருஷாந்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப நாங்க எரிஞ்சா எரியட்டும். அவரு வீட்டுக்கு வரக் கூடாது. அதானே?"

"ஏன் அப்படிப் பேசுற? கணேஸ்கிட்ட ஒரு போனைக் குடுத்துட்டு வேலைக்குப் போயேன்."

"ரெண்டு கையும் தூக்க ஏலாத மனுசனுக்குப் போனா? நல்ல தலைவர் நீங்க."

திரும்பி வந்தவள் தன் வீட்டின் பின்னால் சாத்தியிருந்த அலவாங்கை, அந்தக் கனத்த இரும்புக் கடப்பாரையை எடுத்தாள். இரும்பு கல்லில் இடிபட்ட சத்தம் கேட்டு, உள்ளேயிருந்து கணேஸ், "விடு கிருஷா, சண்டை வேணாம்" என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

மூக்கையாவின் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது கடைசிக் கல்லும் ஏறியிருந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் போக இடமில்லை. பத்து வீட்டுச் சத்தமும் ஒரேயடியாக அறுந்துபோய், அந்த இடம் பெட்டிக்குள் இருப்பதுபோல் இருந்தது.

மூக்கையா ஏணியை விட்டு இறங்கினார். அலவாங்கைப் பார்த்தார். வாசலை எட்டிப் பார்த்தார். பாலம்மா குடத்தோடு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவர் கதவைச் சாத்தினார்.

"இப்பப் பேசலாம் புள்ள. இனிமே லயத்துக்குக் கேக்காது."

"உங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு? சாந்து காயுறதுக்குள்ள இடிக்கப் போறேன். எங்க வீட்டு நெருப்புக்குத்தானே பயந்தீங்க? இடிச்சுப் போட்டுட்டு நாளைக்கும் ஹீட்டரைப் போடுவேன். என்ன செய்றீங்கன்னு பாக்குறேன்."

மூக்கையா கட்டிலில் விரித்திருந்த சீலையை இழுத்தார்.

மெத்தையின் நடுவில் தாம்பாளம் அகலத்துக்குக் கருகிய ஓட்டை. அதற்குள் பாதி எரிந்த விறகு, தண்ணீர் ஊற்றி அணைத்த ஈரத்தோடு, அடுப்பில் வைப்பதுபோல் ஒழுங்காக அடுக்கியபடி கிடந்தது.

"பாலம்மா மூட்டினது" என்றார். "அடுப்பு எது, படுக்கை எதுன்னு அவளுக்கு இப்ப தெரியல. ரெண்டு மாசத்துல இது மூணாவது தடவை. சத்தம் போட்டுச் சொல்ல எனக்கு இடமே இல்ல புள்ள, லயம் முழுக்கக் கேக்கும்."

அலவாங்கின் முனை மெல்லத் தரையில் இறங்கியது. "அப்ப இந்தச் சுவரு...?"

அவர் ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"நெருப்பு இங்கேருந்துதான் வரும். கணேஸால எந்திரிச்சு ஓட முடியாதே, புள்ள."