என் கடை, என் கேமரா

“எங்ககிட்டச் சொல்லாம எங்க பேச்சப் பதிவு பண்றது சட்டப்படி சரியா, பாஸ்?” கடையில் வேலை செய்யும் துளசி கேட்டாள்.

“என் கடை, என் கேமரா. எனக்கே சட்டம் சொல்றியா?”

ஜெலுத்தோங்கில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ராம்நாத், கவுண்டர் கணினியில் நேற்றைய பதிவில் ஓரிடத்தை ஓடவிட்டார்.

‘பாவம்லா உமா அக்கா. அந்த ஆள விட்டுட்டுப் போயிறலாம்’ என்றது துளசியின் குரல்.

“என் பொண்டாட்டியப் பத்திப் பேச நீ யாரு? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத.”

“அதுக்குக் கொஞ்சம் முன்னுக்கு நடந்ததையும் போட்டுக் கேளுங்க, பாஸ்.”

எரிச்சலோடு பதிவைப் பின்னோக்கி நகர்த்தினார். பதிவில், கடைக் கேமராவின் ஒலிபெருக்கி வழியே அவருடைய குரலே கெட்ட வார்த்தையில் கத்தியது. பிறகு அடி விழும் சத்தம். உமாவின் அலறல்.

“வீட்டுலேர்ந்து ஃபோன்ல எங்களப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, தெரியாமப் பேசற பட்டனத் தட்டிட்டீங்க. கடையில நின்ன கஸ்டமருங்களுக்கும் கேட்டுச்சு. இன்னிக்குக் காலையில உமா அக்கா வந்தாங்க. கேமராவுல பேச்சும் பதிவாகுதுன்னு சொல்லி, போலீஸ்ல குடுக்கணும்னு கேட்டாங்க. காப்பி எடுத்துக் குடுத்துட்டேன்.”

ராம்நாத் எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“துளசி… சொல்லாமப் பதிவு பண்ணா, அது சட்டப்படி செல்லாதுதானே?”