காதைத் தட்டினால் கட்டைவிரல்

"நல்லா ஞாபகம் வச்சுக்குங்க மாமா. வலது காதுக்குப் பின்னால தட்டினா, இடது கால் கட்டைவிரல் துள்ளணும்."

"கிளட்ச் மிதிச்சுப் பழகின கால்டா மாப்ளே. சொன்ன பேச்சு கேட்கும்," என்றார் லாரி ஓட்டும் தாய்மாமன்.

மருத்துவ மாணவன் இன்னொரு முறை மாமாவின் காதுக்குப் பின்னால் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

அவனுடைய பேராசிரியர் வாலிபத்தில் கண்டுபிடித்த வியாதியின் அடையாளம் அது. பாடப்புத்தகத்தில் அவர் பெயரிலேயே அதற்கு ஒரு பக்கம் உண்டு. பதவி, பட்டம், கழுத்து நிறைய மாலை எல்லாம் அந்தக் கட்டைவிரல் போட்ட பிச்சை. அதைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதச் சொன்னார். இவனும் வார்டு வார்டாகப் போய் ஊரார் காதையெல்லாம் தட்டிப் பார்த்தான். ஒரு விரலும் அசையவில்லை. ஒரு கிழவர் மட்டும் திருப்பித் தட்டினார்.

கடைசியில் பத்து நோயாளிகளை உட்கார்ந்த இடத்திலேயே படைத்துவிட்டான். பிரம்மாவுக்குக்கூட அந்த வேகம் வராது.

படித்துப் பார்த்த பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பத்துப் பேரா? ஒருத்தரைக் கூட்டிட்டு வா. நான் கண்ணால பார்க்கணும். அப்புறம்தான் கையெழுத்து."

கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் போச்சு. குட்டு உடைந்தால் கல்லூரியே போச்சு. அதனால்தான் மாமா வந்தார்.

அறைக்குள் நுழைந்ததும் யாரும் கேட்காமலே செருப்பைக் கழற்றி இடது காலை நீட்டிவிட்டார் மாமா. மாணவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பேராசிரியர் காதுக்குப் பின்னால் தட்டினார். விரல் துள்ளியது. மறுபடி தட்டினார். மறுபடி துள்ளியது. தன் தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். அதற்கும் துள்ளியது.

பேராசிரியரின் முகம் வெளுத்துவிட்டது. மாமாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டார்.

"தம்பி, என்கிட்ட மறைக்காம உண்மையைச் சொல்லு."

மாணவன் காலில் விழுந்துவிடுவோம் என்று குனியப் போனான். பேராசிரியர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நிஜமாவே இப்படி ஒரு வியாதி இருக்கா?"